கடைக்கு மேல் வீடு: சாய்தளம் எவ்வளவு நீளம்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் கீழே கடைகள், மேலே வீடுகள் கட்டுகிறோம். மழைநீருக்காகத் தரைமட்டத்தை 2 அடி உயர்த்தியிருக்கிறோம். சக்கர நாற்காலிக்கு 6 அடி சாய்தளம் போதுமா?

பதில்: போதவே போதாது. அது 1:3 சரிவு, அதாவது 1 அடி உயரத்துக்கு 3 அடி நீளம்தான். ஏறும்போது நாற்காலி ஆளோடு பின்னால் கவிழக்கூடும். 1:12 கணக்கில் 24 அடி நீளம் வேண்டும், மேல்முனையிலும் கீழ்முனையிலும் தலா 5 அடி சமதளம். இடமில்லையென்றால் நடுவில் 5 அடி சமதளம் விட்டு, அங்கே சாய்தளத்தைத் திருப்புங்கள். சாலைக்குள் நீட்டாதீர்கள், வடிகால் வேலை வந்தால் முதலில் உடைபடுவது அதுதான். அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை. லிஃப்ட் கதவு 90 செ.மீ. திறக்கட்டும். லிஃப்டுக்கு முன் மூன்று படி வைப்பது நம் ஊர் வழக்கம். வைத்தால் சாய்தளமே வீண். கடைக்கு வருவோர் பைக்கைச் சாய்தளத்தில் ஏற்றாதபடி வண்டிக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.