எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நூலகத்துக்கு என்று குறித்த நிலத்தில் அடுக்குமாடி வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஊராட்சி மன்றத்திடம் விவரம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? கேட்டால் பயன் உண்டா?

உண்டு. நீங்கள் பினாங்கில் இருப்பதால், மற்ற பல மாநிலத்தவர்களைவிட உங்கள் கையில் ஒரு கருவி கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் எதை, யாரிடம், எந்தச் சொல்லில் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் ஏறக்குறைய ஓராண்டை இழந்தோம். உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே நீளமாக எழுதுகிறேன். எங்கள் விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆகவே தாமானின் பெயரையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் தவிர்க்கிறேன்.

நாங்கள் வீடு வாங்கியபோது விற்பனை அலுவலகத்தில் ஒரு வண்ண வரைபடம் கொடுத்தார்கள். விளையாட்டுத் திடலை ஒட்டிய நிலத்தில் 'பெர்புஸ்தாக்காஆன்', நூலகம், என்று அச்சிட்டிருந்தது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மாலையில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் 'தமிழ் நேசன்' நாளிதழைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, அதுதான் நூலகம். அந்த வரைபடத்தில் ஒரு சொல்லைப் பார்த்ததும் என் மனம் அங்கேயே தங்கிவிட்டது. பக்கத்து அடுக்குமாடியில் என் மாணவர்கள் பலர் வசிக்கிறார்கள். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர், ஒரே மேசை, அதன்மேல் சோற்றுப் பானை. பரீட்சைக்கு எங்கே உட்கார்ந்து படிப்பது என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த நிலத்தில் லாலாங் புல்தான் வளர்ந்தது. ஒரு நாள் காலையில் சுற்றிலும் தகரம் அடித்திருந்தார்கள்.

உடனே கூட்டம் போட்டோம், கடிதம் எழுதினோம். 'பிள்ளைகளின் நலன் கருதி நூலகம் அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினோம். நான்கு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது.' அதை வெற்றி என்று நினைத்துக் கோயிலில் அர்ச்சனை செய்தவர்களும் உண்டு. நாங்கள் கேட்டது ஒரு கருணை. கருணைக்குப் பதில் சொல்ல எந்த அலுவலகத்துக்கும் கெடு கிடையாது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு அவ்வளவு நாள் ஆனது.

பிறகு நானே முகப்பிடத்துக்குப் போனேன். அங்கிருந்த இளம் பெண் அதிகாரி மலாயில் மரியாதையாகக் கேட்டார்: 'எந்த லாட் எண், கக்?' லாட் எண் என்றால் நிலத்தின் அடையாள எண்; கக் என்றால் அக்கா. அந்த எண் எனக்குத் தெரியவில்லை. திடலுக்குப் பக்கத்தில், தொலைபேசிக் கோபுரத்துக்கு எதிரே என்று கையை ஆட்டி விளக்கினேன். அவர் முகம் சுளிக்காமல், லாட் எண் இல்லாமல் எந்தக் கோப்பையும் தேட முடியாது என்று சொல்லி, நில அலுவலகத்துக்கு வழி காட்டினார். அந்தப் பெண்ணுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை லாட் எண். திட்டமிடல் அனுமதிக்கான அறிவிப்புப் பலகை நிலத்தில் நட்டிருந்தால் அதிலேயே இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் நில வரி ரசீதில் உள்ள உங்கள் லாட் எண்ணை வைத்துக்கொண்டு நில அலுவலகத்தில் அக்கம்பக்கத்து எண்ணைக் கண்டுபிடிக்கலாம். எண் கிடைத்ததும் 'சாரியான் பெர்செண்டிரியான்', அதாவது தனிப்பட்ட தேடல், கேளுங்கள். தேசிய நிலச் சட்டப்படி கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் செய்யலாம். நீங்கள் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. உரிமையாளர் யார், நிலத்தின் பயன்பாட்டு வகை என்ன, என்ன நிபந்தனை, அடமானம் உண்டா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். பொதுத் தேவைக்கான ஒதுக்கீட்டு நிலம் என்று யாராவது சொன்னால், அரசிதழ் அறிவிப்பின் எண்ணைக் கேளுங்கள். அரசிதழில் வராத ஒதுக்கீடு காற்றில் எழுதிய எழுத்து.

எங்களுக்கு அந்தத் தாள் தந்த செய்தி கசப்பானது. நிலம் இன்னும் வீடமைப்பு நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. மன்றம் அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்த்தபோது, அதில் 'நூலகம்' என்ற சொல்லே இல்லை. 'பொது வசதி' என்று மட்டும் இருந்தது. நூலகம் என்பது விற்பனைத் தாளில் மட்டுமே வாழ்ந்த சொல். அன்றிரவு கூட்டத்தில் சிலர் அழுதேவிட்டார்கள். நான் வேறு விதமாக நினைத்தேன். இத்தனை ஆண்டுகள் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தோம்; இப்போது இருக்கிற ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 'பொது வசதி' என்று அங்கீகரித்த நிலத்தில் விற்பனைக்கு அடுக்குமாடி கட்ட வேண்டுமானால், அதற்குப் புதிதாக அனுமதி கேட்டாக வேண்டும். அனுமதி கேட்டால் கோப்பு இருக்கும். கோப்பு இருந்தால் கேள்வி கேட்கலாம்.

இங்கேதான் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் உதவுகிறது. ஒரு பகுதிக்கு உள்ளூர்த் திட்டம், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று குறிக்கும் திட்டம், இல்லாத நிலையில், திட்டமிடல் அனுமதிக்கு மனு வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், நேரில் கேட்கப்பட வேண்டும் என்றும் கோரலாம். அண்டை நிலம் என்றால் ஒட்டியிருக்கும் நிலம். அல்லது 20 மீட்டருக்கு மிகாத சாலை, சந்து, வாய்க்கால், ஒதுக்கீட்டு நிலம் ஆகியவற்றால் மட்டும் பிரிந்திருக்கும் நிலம். முட்டுச்சாலையைப் பொதுவாகப் பயன்படுத்துவோர் என்றால் 200 மீட்டர்வரை. என் வீடு இந்த வரையறைக்குள் வரவில்லை. இத்தனை ஓடியாடிய எனக்குச் சட்டப்படி ஆட்சேபிக்க இடமில்லை!

வரையறைக்குள் வந்தவர்களில் ஒருவர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக வசிக்கும் ஒரு சீன மூதாட்டி. அவரிடம் போய், மன்றத்திலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா என்று விசாரித்தோம். மலாய் படிக்கத் தெரியாத அந்த அம்மா, வந்த கடிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தார். மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கு நடுவே அந்த அறிவிப்பு இருந்தது. தேதியைப் பார்த்தோம், ஒன்பது நாள் மீதி இருந்தது. அந்த ஒன்பது நாளில் எங்கள் தாமான் உழைத்த உழைப்பை நான் மறக்க மாட்டேன். லோரி ஓட்டும் அண்ணன் வாய்க்காலில் வெள்ளம் ஏறிய நாட்களின் படங்களைத் தேடி எடுத்தார். ஒரு மலாய்க்கார ஓய்வுபெற்ற எழுத்தர் கடிதத்தைச் சுத்தமான அரசாங்க மலாயில் எழுதித் தந்தார். ஆட்சேபத்தில் 'எங்களுக்கு வேண்டாம்' என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அங்கீகரித்த வரைபடத்தின் எண், அதில் உள்ள 'பொது வசதி' என்ற குறிப்பு, வெளியேற ஒரே ஒரு சாலை, நடந்து போகும் தூரத்தில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நாங்களே எண்ணிய கணக்கு, இவைதான் இருந்தன. அந்த மூதாட்டியும் மற்ற நான்கு உரிமையாளர்களும் கையெழுத்திட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஒரு வட்டாரத்தில் இருபது ஆண்டு வாடகை கொடுத்தவர் அந்த வட்டாரத்தவர் இல்லையா?

குறித்த நாளுக்குள் ஆட்சேபித்த அண்டை உரிமையாளர் மட்டுமே, அனுமதி கொடுக்கப்பட்டால், மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக முடியும். அதனால் அந்த 21 நாளைத் தவறவிடாதீர்கள். உங்கள் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே அரசிதழில் வந்துவிட்டால் நிலைமை வேறு. அப்போது வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். திட்ட வரைபடத்தில் உங்கள் நிலத்துக்கு என்ன நிறம், என்ன குறிப்பு என்று முதலில் பாருங்கள்.

நான் சொன்ன கூடுதல் கருவி, பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டம். சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது, 2015இல் நடைமுறைக்கு வந்தது. சிலாங்கூரும் பினாங்கும்தான் முதலில் இப்படிச் சட்டம் கொண்டுவந்த மாநிலங்கள். படிவம் நிரப்ப வேண்டும், கட்டணம் உண்டு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டும்; எழுதிய நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தக் கூடாது. 'திட்டம் பற்றிய எல்லா விவரமும்' என்று கேட்காதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் கேட்டேன், திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை ஒரு வரைபடத்தின் நகல், ஒரு கடிதத்தின் நகல் என்று பெயர் சொல்லிக் கேட்டேன். வரைபடம் கிடைத்தது, கடிதம் கிடைக்கவில்லை. மாநில ஆட்சிக்குழுவின் ஆவணங்கள் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் அட்டவணைக்குள் வருபவை. அவற்றை இந்த வழியில் பெற முடியாது. ஒரு நூலகம் வருமா வராதா என்பது இரகசியமாக இருக்க வேண்டிய விஷயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று. நூலகத்தை நடத்துவது மன்றம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பினாங்கில் பொது நூலகங்கள் மாநில நூலகக் கழகத்தின் கீழ் இருக்கின்றன. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது, தலைமையகம் செபராங் ஜெயாவில். நிலம் மாநில நில அலுவலகத்தின் பொறுப்பு. கட்டட அனுமதி மன்றத்தின் பொறுப்பு. மூன்று வாசலிலும் 'எங்களிடம் இல்லை, அங்கே கேளுங்கள்' என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. கடைசியில் ஒரே கடிதத்தை மூவருக்கும் அனுப்பி, மற்ற இருவருக்கும் நகல் போயிருக்கிறது என்று கீழே எழுதினோம். அதன் பிறகுதான் முதல் முறையாக மூவரும் ஒரே நாளில் வந்து நிலத்தைப் பார்த்தார்கள். 1817இலேயே நூலகம் கண்ட ஊர் பினாங்கு. 2016இல் நாட்டின் முதல் மின்னியல் நூலகத்தைத் திறந்ததும் இதே மாநிலம்தான். அந்தப் பெருமை எங்கள் தாமான்வரை வரட்டும் என்று கேட்பதில் தவறில்லை.

நான் மிகவும் பயந்தது வேறொன்றுக்கு. அடுக்குமாடியில் மலிவு விலை வீடுகளும் இருக்கும் என்று ஒரு பேச்சு பரவியது. உடனே, வீடில்லாத பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் ஒரு பக்கம், நூலகம் கேட்டவர்கள் ஒரு பக்கம் என்று கோயில் வாசலிலேயே பிளவு விழுந்தது. கோலாலம்பூரில் ரிம்பா கியாரா பூங்காவில் நடந்தது என் நினைவுக்கு வந்தது. புக்கிட் கியாரா தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, அங்கே உழைத்த நம் மக்களைத் தற்காலிகம் என்று சொல்லி நீண்ட வீடுகளில் குடிவைத்தார்கள். ஆண்டுகள் பல ஓடின. பின்னர் அவர்களுக்கு நிரந்தர வீடு தரும் திட்டத்தோடு உயரமான சொகுசுக் குடியிருப்புகளும் சேர்ந்து வந்தன, பூங்காவில் 12 ஏக்கர் நிலத்தில். 2017இல் மேம்பாட்டு அனுமதி கொடுக்கப்பட்டது. பூங்காவைக் காக்க வந்த குடியிருப்பாளர்களும், வீட்டுக்காகக் காத்திருந்த தோட்டத்து மக்களும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. இரண்டு தரப்பின் கோரிக்கையும் நியாயமானது! 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பு, நகரின் கட்டமைப்புத் திட்டத்திலிருந்து விலகினால் டத்தோ பண்டார் (மாநகர மேயர்) காரணம் சொல்லியாக வேண்டும் என்றது. காரணம் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு வரிக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். எங்கள் கோயில் வாசல் கூட்டத்தில் இதைச் சொல்லி, திட்டத்தில் மலிவு வீடு எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குவோம், அதன் பிறகு சண்டை போடுவோம் என்றேன். பதில் வந்தபோது, மனுவில் மலிவு வீடு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. பிளவு அன்றே ஆறிவிட்டது.

மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அதுவும் இந்தச் சிக்கலின் வேர்களில் ஒன்று. ஜோர்ஜ் டவுனில் 1951இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957இல் அது மாநகரமானது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் டி. எஸ். ராமநாதன். 1965இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவில்லை. பினாங்கு 2012இல் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆனாலும் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் அன்றி, முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது என்கிறது. குழுக் கூட்டங்களுக்கு அது பொருந்தாது. நான் முதன்முதலாகப் போய் உட்கார்ந்தபோது பார்வையாளர் வரிசையில் வேறு யாரும் இல்லை. இப்போது முறை வைத்துக்கொண்டு இருவர் இருவராகப் போகிறோம். பேச அனுமதி இல்லை, குறிப்பு எடுக்கலாம். எங்கள் லாட் எண் பேசப்பட்ட நாளில் அந்தச் சீன மூதாட்டியும் வந்திருந்தார்.

இன்றைய நிலை இதுதான்: அடுக்குமாடி மனு திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. தகரம் இன்னும் இருக்கிறது. தரைத் தளத்தில் படிப்பகத்துக்கு இடம் தருவது பற்றி நூலகக் கழகத்தின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். தமிழ் நூல்களுக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று நாங்களும் எழுதியிருக்கிறோம்.

உங்கள் லாட் எண்ணும், அறிவிப்புக் கடிதம் யாருக்காவது வந்திருந்தால் அதன் தேதியும் தெரிந்ததும் இங்கேயே கீழே எழுதுங்கள். எங்கள் ஆட்சேபக் கடிதத்தின் மலாய் வரைவைப் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போடுகிறேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளை இன்று மாலையே விசாரித்துவிடுங்கள்.