இன்டர்வ்யூ கேள்விகள்: கேளுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம். 17 வருஷமா ஆள் எடுக்கற வேலைலதான் இருக்கேன். முதல்ல அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி, அப்புறம் ஒரகடம் பக்கம் ஒரு ப்ளான்ட், இப்ப ஓஎம்ஆர்ல ஐடி. நல்ல பசங்க சாதாரண கேள்விக்குத் தடுமாறி வெளிய போறதைப் பாத்து மனசு கஷ்டப்பட்டது நிறைய தடவை, அதனாலதான் இன்னிக்கு உக்காந்து பதில் சொல்றேன். வந்த கேள்விகளை வரிசையா எடுத்துக்கறேன்.

கேள்வி (திருநெல்வேலி, பி.இ. மெக்கானிக்கல்): அக்கா, செல்ஃப் இன்ட்ரோ மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன், ஆனா பாதில மறந்துடுது. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனில குவாலிட்டி ட்ரெய்னிக்கு கூப்ட்ருக்காங்க.

தம்பி, மனப்பாடம் பண்ணதாலதான் மறக்குது. பேரு, ஊரு, அப்பா என்ன பண்றாரு, ஹாபி கிரிக்கெட், இதையே ஒரு நாளைக்கு 40 பேர்கிட்ட கேட்டா கேக்கறவங்களுக்கு யாரு யாருன்னே தெரியாது. ரெஸ்யூம்ல இருக்கறதைத் திரும்பப் படிக்கவும் வேணாம். மூணே விஷயம் சொல்லுங்க, என்ன படிச்சேன், கையால என்ன செஞ்சேன், இந்த வேலை எனக்கு ஏன் சரியா வரும். அந்த நடு விஷயம்தான் உயிர். ஒரு தடவை ஒரு பையன் வந்தான், மார்க் சுமார்தான், ஆனா லீவுல மாமாவோட லேத் பட்டறைல வேலை பாத்தேன் மேடம், புஷ் கடைஞ்சு குடுப்பேன், உள் துளை அளவு கொஞ்சம் தப்பினாலும் பார்ட்டி திருப்பி அனுப்பிடுவாங்கன்னு சொன்னான், பேனல்ல இருந்த குவாலிட்டி மேனேஜர் அப்பதான் நிமிந்து உக்காந்தார். அதுக்கப்புறம் பத்து நிமிஷம் அவன் பட்டறையைப் பத்தி மட்டும்தான் பேச்சு. எடுத்தோம்.

குவாலிட்டின்னா டேபிள் மேலயே வெர்னியரும் ஒரு பீஸும் வச்சு அளந்து சொல்லச் சொல்வாங்க, நிஜமாவே செய்வாங்க. சாதாரண வெர்னியர்க்கு லீஸ்ட் கவுன்ட், அதாவது அதால அளக்க முடியற மிகச் சின்ன அளவு, 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ., இது தெரிஞ்சா மட்டும் பத்தாது, கைல புடிச்சு படிக்கத் தெரியணும். காலேஜ் லேப்ல கெஞ்சியாவது ஒரு மணி நேரம் பழகிட்டுப் போங்க. 5எஸ் (வேலை செய்யற எடத்தை ஒழுங்கா வச்சுக்கற முறை), ஏழு க்யூசி டூல்ஸ் (தரத்தைக் கண்காணிக்கற ஏழு வழிகள்) பாத்துக்கோங்க. ஷிஃப்ட் ஓகேவான்னு கேப்பாங்க, நைட் ஷிஃப்ட் ஒத்துவராதுன்னா இப்பவே யோசிச்சு முடிவு பண்ணுங்க, சேந்து பத்து நாள்ல ஓடி வர்றது உங்களுக்கும் நல்லதில்ல.

கேள்வி (தர்மபுரி, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்): பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் மேடம். பதில் தெரியும், இங்கிலீஷ்ல வாய் வரல. இதுக்காகவே ரெண்டு கம்பெனி போச்சு.

அம்மா, இதை மட்டும் நான் அழுத்திச் சொல்றேன், உங்ககிட்ட கொறை ஒண்ணும் இல்ல, பழக்கம் இல்ல அவ்ளோதான். பெரிய வாக்கியம் கட்டணும்னு பாக்காதீங்க. சின்னச் சின்னதா நாலு வார்த்தைல முடியற மாதிரி பேசுங்க. கேள்வி புரியலன்னா இன்னொரு தடவை சொல்றீங்களான்னு கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, புரியாம வேற எதையோ பதில் சொல்றதுதான் மார்க்கைக் கொறைக்கும். கோடிங் கேள்வின்னா பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்குங்க. அரேல (வரிசையா வச்ச நம்பர்கள்ல) ரெண்டாவது பெரிய நம்பர் கண்டுபிடி, மூணாவது வேரியபிள் இல்லாம ரெண்டு நம்பரை மாத்து, பாலின்ட்ரோம் (திருப்பிப் படிச்சாலும் ஒரே மாதிரி வர்ற வார்த்தை), ஃப்ரெஷருக்கு திரும்பத் திரும்ப வர்றது இதுதான். எழுதிட்டு ஒவ்வொரு வரியையும் விரல் வச்சுக் காட்டிப் பேசுங்க. கை பேப்பர்ல இருந்தா வாய் தானா வரும்.

தினமும் போன்ல உங்க ப்ராஜெக்டைப் பத்தி மூணு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. கேக்கவே கூச்சமா இருக்கும், பரவால்ல, கேளுங்க. ரெண்டு வாரம் விடாம செஞ்சா வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கம்பெனிக்கு கம்பெனி மாறும், வாடிக்கையாளர்கிட்ட நேரா பேசற வேலைன்னா இங்கிலீஷ் கண்டிப்பா பாப்பாங்க, ஆனா கோடு எழுதற எடத்துல லாஜிக் நல்லா இருந்தா இலக்கணத் தப்பை நாங்க கண்டுக்கறதில்ல.

கேள்வி: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வெளில காசு குடுத்து வாங்கினது. ரெஸ்யூம்ல போட்டிருக்கேன், மாட்டிப்பேனா?

மாட்டிப்பீங்க. நீ இதுல என்ன பண்ண, ஏன் இந்த சென்சார், டேட்டா எங்க போய் சேருதுன்னு மூணாவது கேள்விலயே தெரிஞ்சிடும். ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு அதைப் பிரிச்சுப் போட்டு ஒரு மாசம் உக்காந்து நிஜமாவே கத்துக்கோங்க, இல்லன்னா எடுத்துட்டு நீங்களே செஞ்ச சின்னது எதாவது போடுங்க, பக்கத்து மளிகைக் கடைக்கு பில் போடற ப்ரோக்ராமா இருந்தாலும் சரி.

கேள்வி (கரூர்): மேடம், பேங்க் பிஓ (ப்ரொபேஷனரி ஆஃபீசர்) மெயின்ஸ் பாஸ். இன்டர்வ்யூ வருது. இன்ஜினியரிங் படிச்சுட்டு ஏன் பேங்க்னு கேட்டா என்ன சொல்றது?

வாழ்த்துகள் தம்பி! நிலையான வேலை, நல்ல சம்பளம்னு மட்டும் சொல்லாதீங்க, உண்மைதான், ஆனா எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. ஐபிபிஎஸ் (பேங்க் வேலைக்கு பரீட்சை நடத்தற அமைப்பு) பிஓல கடைசி மார்க்குக்கு மெயின்ஸுக்கும் இன்டர்வ்யூக்கும் 80:20தான், ஆனா இன்டர்வ்யூல 40 சதவீதம் எடுக்கணும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 35, அதனால இதை லேசா விட்றாதீங்க.

உங்க ஊரே உங்களுக்குப் பெரிய பலம்! உங்க ஊர் எதுக்குப் பேர் போனதுன்னு பேனல்ல அடிக்கடி கேப்பாங்க. கரூர் வைஸ்யா பேங்க் 1916ல உங்க ஊர்ல ஆரம்பிச்சது. லட்சுமி விலாஸ் பேங்க்கும் அங்கதான், 1926. அது 2020 நவம்பர்ல டிபிஎஸ் பேங்க் இந்தியாவோட சேந்துச்சு. ஏன் அந்த நிலைமை வந்துச்சு, வாராக் கடன்னா என்ன, 90 நாள் தவணை கட்டலன்னா எப்படி என்பிஏ (வாராக் கடன்) ஆகுது, டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் எவ்ளோ (5 லட்சம்), இதெல்லாம் உங்க ஊர்க் கதைலயே வந்துடும் பாருங்க. அப்புறம் வீட்டு ஜவுளி ஏற்றுமதி, பஸ் பாடி கட்டறது, புகளூர் காகித ஆலை. ஒரு தறிக்காரருக்கு தொழிலை அன்றாடம் ஓட்ட மூலதனம் ஏன் வேணும், ஏற்றுமதிக்காரருக்கு பணம் வர எத்தனை நாள் ஆகும்னு ஊர்ல தெரிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட போய்க் கேட்டுட்டு வாங்க. ஏன் பேங்க்னு கேட்டா அந்த பதில்லயே இருக்கு உங்க காரணம், புத்தகத்துல தேட வேணாம்.

தெரியாத கேள்வி வந்தா தெரியல சார்னு சொல்லிடுங்க, நாலு கேள்விக்குக்கூட சொல்லலாம். அடிச்சு விட்டா அதுலயே தோண்டுவாங்க.

கேள்வி: உங்க வீக்னஸ் என்னன்னு கேட்டா?

நான் ரொம்ப பர்ஃபெக்ஷனிஸ்ட்னு மட்டும் சொல்லாதீங்க. நிஜமான ஒண்ணு, அதுக்கு இப்ப என்ன பண்றீங்கன்னு ஒண்ணு. கூட்டத்துல பேசத் தயக்கம், அதனால வாரா வாரம் டீம் மீட்டிங்ல ஒரு அப்டேட் நானே குடுக்கறேன், இந்த மாதிரி. அவ்ளோதான்.

கேள்வி: 3.6 லட்சம் சிடிசின்னு சொன்னாங்க, மாசம் 30,000 வரும்தானே அக்கா?

வராது பா, சிடிசின்னா கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குப் பண்ற மொத்தச் செலவு, இதைத் தெரியாம நிறைய பேர் முதல் மாசம் அழறாங்க. உதாரணத்துக்கு பேசிக் 15,000ன்னு வச்சா கம்பெனி பக்க பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,800, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 721 கிட்ட, ரெண்டும் அந்த 30,000க்குள்ளயே அடக்கம். மிச்சம் 27,479. அதுல உங்க பக்க பிஎஃப் இன்னொரு 1,800, தொழில் வரி சென்னைல ஆறு மாசத்துக்கு 1,250, ஆக கைக்கு 25,500க்குக் கொஞ்சம் கீழ வரும். வேரியபிள் பே, இன்சூரன்ஸ் இருந்தா இன்னும் கொறையும். கைக்கு எவ்ளோ, பாண்ட் (இத்தனை வருஷம் வேலையை விடக் கூடாதுங்கற ஒப்பந்தம்) இருக்கா, இருந்தா எத்தனை வருஷம், இந்த மூணையும் ஆஃபர் கைல வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.

கேள்வி: ரெண்டு வருஷ கேப். கன்சல்டன்சில ஒருத்தர் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணித் தர்றேங்கறார்.

வேணவே வேணாம், ப்ளீஸ். யுஏஎன் (எல்லா கம்பெனி பிஎஃப்க்கும் சேத்து ஒரே நம்பர்) வந்தப்புறம் எந்த கம்பெனில எப்ப சேந்து எப்ப விட்டீங்கன்னு பிஎஃப் ரெக்கார்ட்லயே இருக்கு, வெரிஃபிகேஷன்ல முதல்ல பாக்கறது அதைத்தான். வேலைல சேந்து ஆறு மாசம் கழிச்சு தூக்கின பசங்களை நானே பாத்திருக்கேன், வீட்ல கல்யாணப் பேச்சு நடந்துட்டிருந்த நேரம் ஒருத்தனுக்கு. அந்த முகம் இன்னும் மறக்கல. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, கடையைப் பாத்துக்கிட்டேன், டிஎன்பிஎஸ்சி படிச்சேன், எதுவா இருந்தாலும் உள்ளதை ரெண்டு வரில சொல்லுங்க. வேலைக்குன்னு காசு கேக்கறவன்கிட்டயும் ஒரு ரூபா குடுக்காதீங்க.

கேள்வி (கோவை): கல்யாணம் ஆகி ஒரு வருஷம். குழந்தை எப்போன்னு இன்டர்வ்யூல கேட்டாங்க மேடம், என்ன சொல்றதுன்னே தெரியல.

படிக்கவே கோவமா வருது. என்கிட்டயும் 2009ல ஒரு எடத்துல கேட்டாங்க, பதில் சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. “வேலைக்கு என்ன தேவையோ அதை என்னால செய்ய முடியும் சார், நேரம், டிராவல் பத்தி எதாவது இருந்தா கேளுங்க”ன்னு அமைதியா சொல்லிட்டு அவங்க கண்ணைப் பாருங்க. மகப்பேறு சலுகைச் சட்டத்துல 2017 திருத்தத்துக்கு அப்புறம் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு சட்டப்படி உண்டு. அதுக்கு பயந்துதான் இந்தக் கேள்வியே வருது. அந்த கம்பெனியை நீங்களும் எடை போடுங்க மா.

கேள்வி: இன்டர்வ்யூ முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, ஹெச்ஆர் போன் எடுக்கல.

போன் வேணாம், ஒரு மெயில் போடுங்க. எந்த தேதி, என்ன போஸ்ட், யாரு இன்டர்வ்யூ எடுத்தாங்க, முடிவு தெரிஞ்சுக்கலாமா, நாலே வரி. ஒரு வாரத்துல பதில் இல்லன்னா அதை விட்டுட்டு அடுத்ததுக்கு அப்ளை பண்ணுங்க, ஆனா அன்னிக்கு என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்கறப்பவே ஒரு நோட்ல எழுதி வச்சுடுங்க, அடுத்த எடத்துல பாதிக்கு மேல அதே கேள்விதான் வரும்.