உயிருள்ள மீனுக்கு ஏன் உப்பு ஏறுவதில்லை?

கேள்வி: சவ்வூடு பரவலுக்கும் செயல்மிகு கடத்தலுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டின் வரையறையையும் ஒப்பிக்கிறாள். ஏன் என்று கேட்டால் விழிக்கிறாள்.

உங்கள் மகள் விழிப்பதில் எனக்கு வியப்பில்லை. ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டு விழித்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஆசிரியரும் அல்லன், ஆய்வாளரும் அல்லன், புதுச்சேரியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். பேராசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எளிமையாக்கியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளட்டும். தவறாக எதையும் எழுதவில்லை என்றே நம்புகிறேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அம்மா கருவாடு போட்டு விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. அன்று என் வகுப்பிலேயே இருந்தார்கள். மீனின் வயிற்றைக் கீறிக் கழுவி, உப்பைத் தேய்த்துத் தொட்டியில் அடுக்கினால், மறுநாள் யாரும் ஊற்றாத நீர் அடியில் தேங்கி நிற்கும். அந்த வாரம் பள்ளியில் சவ்வூடு பரவல் நடத்தியிருந்ததால், “இதுதான் அம்மா பாடம்” என்று பெருமையாக விளக்கினேன். அவர் கை நிற்காமல் கேட்டார்: “அப்படின்னா, பொறந்ததுலேருந்து உப்புத் தண்ணியிலயே கெடக்குற மீனுக்கு ஏண்டா உப்பு ஏறல? செத்தப்புறம் மட்டும் ஏன் ஏறுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் கேட்டேன். இது வினாத்தாளில் வராது என்றார் ஆசிரியர், பின்வரிசையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கும் அதுவே காரணம்.

உங்கள் மகளுக்குச் செல்லின் சவ்விலிருந்து தொடங்குங்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் ஏழெட்டுப் பங்குதான் அதன் தடிமன். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, நீரை விரும்பும் தலைகள் வெளிப்புறமும் நீரை வெறுக்கும் வால்கள் உட்புறமுமாக நிற்க, இடையிடையே புரதங்கள் பதிந்திருக்கும். ஆக்சிஜன் போன்ற சிறு மூலக்கூறுகள் இந்தக் கொழுப்பின் வழியாகவே நழுவிச் சென்றுவிடும். உப்பு நீரில் கரைந்தால் மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிவதால், கொழுப்பைக் கடக்க அதனால் இயலாது. புரதங்கள் வழிவிட்டால்தான் உண்டு. நீருக்கோ பல செல்களில் தனி வாயிலே இருக்கிறது. பீட்டர் அக்ரி என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த வாயிற்புரதத்தை அடையாளம் கண்டது, நான் நாள்தோறும் கையாளும் ரத்தச் சிவப்பணுக்களில்தான். 2003இல் அதற்காக வேதியியல் நோபல் பெற்றார்.

உப்பு கடக்க முடியாமல் நீர் மட்டும் கடக்க முடிகிற இடத்தில், கரைபொருள் மிகுந்த பக்கத்துக்கு நீர் போய்ச் சேரும். இதுவே சவ்வூடு பரவல். செல் இதற்கு ஆற்றல் செலவிடுவதில்லை. “செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு” என்று மொட்டையாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், செறிவு நீருக்கா உப்புக்கா என்று தெரியாமல் இங்கேதான் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினேன்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு, வஞ்சிரம், சங்கரா போன்ற முள்மீன்களின் ரத்தத்தில் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே மீன் உயிரோடிருக்கும்போதும் அதன் செவுள் வழியாக நீர் கடலுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. இழப்பை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூடவே உள்ளே வந்த உப்பைச் செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் இடைவிடாமல் வெளியேற்றுகின்றன. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு, மேட்டுக்கு நீர் இறைப்பதைப் போன்ற வேலை இது. அதற்குச் செலவாவது, செல்லுக்குள் ஆற்றல் ஆக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா ஆக்கித் தரும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு. இதுவே செயல்மிகு கடத்தல். இதற்கு விசை தருவது சவ்வில் பதிந்த ஒரு புரதம்; சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற அது, ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியம் அயனிகளைச் செல்லிலிருந்து வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். டென்மார்க் ஆய்வாளர் யென்ஸ் ஸ்கோ 1957இல் இதைக் கண்டறிந்தது நண்டுக்கால் நரம்பில் என்று பின்னாளில் படித்தபோது, எங்கள் தெருவுக்கே நோபல் கிடைத்ததுபோல மகிழ்ந்தேன். (சுறாவின் வழி வேறு; அது யூரியாவை ரத்தத்தில் தேக்கிக் கடலோடு சமன் செய்துகொள்கிறது. சுறாக் கருவாட்டின் நெடிக்கு அந்த யூரியாவே காரணம்.)

மீன் செத்ததும் ஏடிபி தீர்கிறது, பம்ப் நிற்கிறது, சவ்வுகள் சிதைகின்றன. தடுக்க யாருமில்லாததால் உப்பு சதைக்குள் விரவுகிறது. அப்படியானால் தொட்டியில் தேங்கிய நீரை முழுக்கவும் சவ்வூடு பரவல் என்று நான் சொன்னது அரைகுறைப் பதில். அதே தொட்டியில் சதையைக் கெடுக்க வரும் பாக்டீரியாக்கள் உயிருள்ள செல்கள். உப்பு நீர் இழுக்க அவை வற்றி முடங்குவதே அசலான சவ்வூடு பரவல்.

இதை நான் புரிந்துகொண்டது எந்தப் புத்தகத்தாலும் அல்ல, ஒரு திட்டு வாங்கியதால். ரத்தம் எடுத்து அனுப்பும் மையம் ஒன்று, ரத்தத்தின் தெளிநீரான சீரத்தைச் செல்களிலிருந்து பிரிக்காமல் குழாயை இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தது. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருப்பதாக முடிவு வந்தது. நோயாளியோ நலமாக நடமாடிக்கொண்டிருந்தார். மருத்துவர் என்னைத்தான் கடிந்துகொண்டார். குழாயைக் குளிரில் வைத்தவர்களை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. நடந்தது இதுதான்: சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியில் இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேல், குளிரில் பம்ப் ஏறத்தாழ நின்றுவிட, அது மெல்ல வெளியே கசிந்துவிட்டது. அன்று மாலை பேருந்தில் கடலூர் போய், செத்த மீனுக்கு ஏன் உப்பு ஏறுகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். “இதுக்கா இத்தன வருசம்?” என்றார்.

உங்கள் மகளுக்குக் கருவாடு வேண்டாமென்றால் பீட்ரூட் போதும். பச்சைத் துண்டு ஒன்றை நன்றாகக் கழுவிக் குளிர்ந்த நீரில் போடச் சொல்லுங்கள். நீர் நெடுநேரம் பெரிதாகச் சிவக்காது. வேகவைத்த துண்டைப் போட்டால் உடனே சிவந்துவிடும். நிறமி இருப்பது செல்லுக்குள் உள்ள நீர்ப்பையான வாக்குவோலில் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, வெந்தபோது எந்தெந்தச் சவ்வுகள் சிதைந்தால் அது நீர்வரை வர முடியும் என்று கேளுங்கள். அந்த இரண்டு சவ்வுகளின் பெயர்களும் அவளுடைய பாடத்திலேயே இருக்கின்றன.