சமச்சீர்மை இருக்க, பருப்பொருளின் நிலைகளை வகைப்படுத்தக் குவாண்டம் பின்னல் (துகள்களைத் தனித்தனியே விவரிக்க முடியாதபடி பிணைக்கும் தொடர்பு) எதற்கு? இது வெறும் கணிதம்தானா?

சமச்சீர்மை போதவில்லை என்பதுதான் காரணம். நிலைகளைச் சமச்சீர்மையால் பிரிக்க இயற்பியலாளர் லாந்தாவ் வகுத்த முறைப்படி ஒரு நிலையின் அடையாளத்தை அந்தந்த இடத்திலேயே அளந்துவிடலாம்; காந்தமானால் எங்கு பார்த்தாலும் ஸ்பின்கள் (துகள்களின் நுண்காந்தங்கள்) ஒரே திசையில் சாய்ந்திருக்கும். ஆனால் 1982இல் கண்டறியப்பட்ட பின்னக் குவாண்டம் ஹால் விளைவில் (வலுவான காந்தப்புலத்தில், கடுங்குளிரில், மெல்லிய தளத்து எலக்ட்ரான்கள் காட்டும் விளைவு), ஒரே சமச்சீர்மை கொண்ட எலக்ட்ரான் திரவங்கள் வெவ்வேறு நிலைகளாக நின்றன. அந்த வேறுபாட்டை இடத்தியல் ஒழுங்கு, அதாவது ஓரிடத்தில் தெரியாமல் முழு அமைப்பிலும் பரவிய ஒழுங்கு, என்று இயற்பியலாளர் ஷியாவ்-காங் வென் விளக்கினார். அது எலக்ட்ரான்கள் தம்முள் பின்னியிருக்கும் விதத்தில் இருக்கிறது.

இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு, அலெக்ஸி கிதாயெவ் 1997இல் முன்வைத்த டோரிக் கோட் மாதிரியில் வருவது. சதுரக் கட்டங்களின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு ஸ்பின் உள்ளது. கீழ்நோக்கிய ஸ்பின் இருக்கும் விளிம்புக்கு வண்ணம் தீட்டினால், வண்ணக் கோடுகள் எங்கும் அறுபடாத மூடிய வளையங்களாக அமைய வேண்டும். அப்படி அமையும் எல்லாக் கோலங்களும் சம எடையில் மேற்பொருந்தியதே (ஒரே சமயத்தில் சேர்ந்திருப்பதே) தாழ்ந்த ஆற்றல் நிலை. எந்த விளிம்பைத் தனியே பார்த்தாலும் மேல், கீழ் இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆகவே ஓரிடத்து அளவீடு எதையும் காட்டாது.

இப்போது ஒரு பகுதியைச் சுற்றி, 100 விளிம்புகளை வெட்டும்படி எல்லை வரையுங்கள். உள்ளே நுழைந்த வளையம் வெளியேறியே தீர வேண்டும் என்பதால், எல்லையைக் கடக்கும் கோடுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. 99 விளிம்புகள் தெரிந்தால் நூறாவது தானே முடிவாகிவிடும். எனவே பின்னல் என்ட்ரோப்பி, அதாவது உள்ளும் வெளியும் எவ்வளவு பின்னியுள்ளன என்பதன் அளவு, 100 பிட் அன்று, 99 பிட். எல்லை 1000 விளிம்புகளை வெட்டினால் 999. எல்லையோடு வளரும் பகுதி சாதாரணப் பொருள்களிலும் உண்டு. குறையும் அந்த ஒரு பிட், எல்லையின் அளவையோ வடிவத்தையோ சாராமல், முழு அமைப்புக்கும் உரிய அடையாளமாக நிற்கிறது.

மாதிரி இவ்வளவு எளிதாக இல்லாதபோது, பெரிய எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் இச்சிறு எண்ணைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. 2006இல் கிதாயெவ்-பிரெஸ்கில் இணையும் லெவின்-வென் இணையும் தனித்தனியே ஒரு வழி கண்டனர்: பல பகுதிகளின் என்ட்ரோப்பிகளைக் கூட்டியும் கழித்தும், எல்லைப் பங்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்தனர். (கோட்பாட்டாளரின் நாள்கள் பெரும்பாலும் இத்தகைய கழித்தல்களில்தான் கழிகின்றன.)

வெறும் கணிதம் என்று இதைத் தள்ளிவிட இயலாது. 2021இல் கூகுள் குழுவினர் மீக்கடத்திச் சில்லு ஒன்றில் 31 கியூபிட்களை (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளை) கொண்டு டோரிக் கோட்டின் தாழ்ந்த ஆற்றல் நிலையை உருவாக்கி, மேற்சொன்ன கூட்டல் கழித்தலை அளவீட்டிலேயே செய்தபோது, எதிர்பார்த்த அந்த ஒரு பிட்டுக்கு நெருக்கமான குறைவே கிடைத்தது.