ஃபோட்டோஷாப்பில் இரட்டைப் பக்கம்: கேள்வி பதில்

பத்திரிகை, மலர், சிறப்பிதழ் என்று 22 ஆண்டுகளாகப் பக்கம் கட்டி வருகிறேன். எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்களை ஒரே காட்சியாக அமைப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கல்லூரி ஆண்டு மலர்க் குழு மாணவி: அண்ணா, எங்களிடம் ஃபோட்டோஷாப் மட்டும்தான் இருக்கிறது. மலரின் நடுப்பக்கத்தை முழுக்க அதிலேயே செய்துவிடலாமா? என்ன அளவில் ஃபைல் திறக்க வேண்டும்?

செய்யலாம் தங்கச்சி. அளவை மட்டும் முதலிலேயே சரியாக வையுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஏ4 மலர் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 420 × 297 மி.மீ. நான்கு புறமும் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். ஆக 426 × 303 மி.மீ., ரெசல்யூஷன் 300 (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்). பிக்சலில் பார்த்தால் ஏறக்குறைய 5031 × 3579. பின்புலப் படமும் நிறமும் அந்தக் கூடுதல் 3 மி.மீ. வரை ஓட வேண்டும். இல்லாவிட்டால் கட்டிங் இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். எழுத்தும் முகங்களும் வெட்டு ஓரத்திலிருந்து குறைந்தது 12 மி.மீ. உள்ளே இருக்கட்டும். சரியாக 213 மி.மீ.-இல் ஒரு கைடு கோடு போடுங்கள். அதுதான் மடிப்பு.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஃபோட்டோஷாப் படத்துக்கான மென்பொருள். தலைப்பு, நான்கு வரி முன்னுரை, படக்குறிப்பு வரை அது தாங்கும். 800 சொல் கட்டுரையை அதில் கொட்டி, பத்தி பத்தியாக ஓட்டி, கடைசி நேரத்தில் ஆசிரியர் இரண்டு வரி நீக்கச் சொன்னால் அழுகைதான் வரும். கட்டுரை நீளமென்றால் படத்தை ஃபோட்டோஷாப்பில் முடித்து, எழுத்தை இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்ற பக்கம் கட்டும் மென்பொருளில் அதன் மேல் வையுங்கள். ஸ்கிரைபஸ் இலவசம். 2024-இல் வந்த அதன் 1.6 பதிப்பில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது.

டிடிபி (கணினியில் பக்கம் கட்டும்) வேலை பழகும் இளைஞர்: அண்ணா, யூனிகோடு தமிழை ஒட்டினால் 'கொ' உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன. பழைய பாமினி எழுத்துருவுக்கே போய்விடட்டுமா?

போகாதீர்கள் தம்பி, கோளாறு உங்கள் ஃபோட்டோஷாப் அமைப்பில்தான் இருக்கிறது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப் பகுதிக்குப் போய், எழுத்து எஞ்சினை 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று மாற்றுங்கள். பிறகு புது ஃபைல் திறந்து, பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். அண்மைப் பதிப்புகளில் இந்த வேலையே தேவைப்படாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தியவை. அதனால்தான் பழைய மென்பொருளிலும் உடையாமல் வந்தன. ஆனால் எழுத்துருவை மாற்றிய கணத்தில் கட்டுரை முழுதும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். நாளை அதே கட்டுரையை இணையத்தில் போடவோ, உள்ளே ஒரு பெயரைத் தேடவோ முடியாது. ஒரு ஊரின் வரலாற்றை மலராகப் போடுகிறோம், பத்து ஆண்டு கழித்தும் அது படிக்கக் கிடைக்க வேண்டும். எல்லாக் கணினியிலும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடிலேயே இருங்கள்.

இன்னும் ஒன்று. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. 'கூ', 'தூ' கீழே இறங்கும், 'கீ', 'நீ' மேலே ஏறும். 10 புள்ளி எழுத்துக்கு 15 அல்லது 16 புள்ளி இடைவெளி வையுங்கள். இரு ஓரமும் நேராக்கும் ஜஸ்டிஃபையும் குறுகிய பத்தியில் வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் மூன்று சொல் மட்டும் விழுந்து, நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

திருவிழா மலர் தயாரிக்கும் அன்பர்: ஐயா, சென்ற ஆண்டு தேர்ப் படத்தை இரு பக்கமும் விரித்துப் போட்டோம். வடம் பிடித்த பெரியவரின் முகம் மடிப்புக்குள் போய் பாதிதான் தெரிந்தது. எப்படித் தவிர்ப்பது?

படிக்கும்போதே மனம் வலித்தது. அந்தப் பெரியவர் மலரைத் திறந்து தன் முகத்தைத்தானே முதலில் தேடியிருப்பார்!

முதலில் பைண்டிங் எது என்று அச்சகத்தில் கேளுங்கள். நடுவே பின் அடிக்கும் மலர் என்றால், சரியாக நடுவில் வரும் இரண்டு பக்கம் மட்டும் ஒரே தாள். அங்கே படம் முழுதாக விரியும், பின் குத்தும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மற்ற இரட்டைப் பக்கங்களில் இடப்பக்கம் ஒரு தாளிலும் வலப்பக்கம் வேறொரு தாளிலும் அச்சாகும். நிறம் சற்று மாறலாம், கோடு சற்று ஏறி இறங்கலாம். முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் என்றால் இன்னும் கவனம் தேவை. புத்தகம் முழுதாக விரியாது, மடிப்பின் இருபுறமும் சில மில்லிமீட்டர் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

ஆகவே மடிப்பின் இருபுறமும் 10 மி.மீ. வீதம் ஒரு பட்டையை மெல்லிய சிவப்பு லேயராக (தனி அடுக்காக) வரைந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முகம், கண், கை, எழுத்து எதுவும் அந்தப் பட்டைக்குள் வரக்கூடாது. வானம், சுவர், கூட்டத்தின் மங்கலான பகுதி வரலாம். தேரை நட்டநடுவில் நிறுத்தாமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, வடம் மறுபக்கம் நீளட்டும். வடம் மடிப்பைக் கடப்பது அழகு. தலைப்பு கடந்தால் இரண்டு சொற்களுக்கு நடுவில் கடக்க வேண்டும், ஒரு சொல்லுக்குள் அல்ல.

முடித்ததும் இரண்டு பக்கத்தையும் அசல் அளவில் பிரின்ட் எடுத்து, ஒட்டி, மடித்து, கையில் பிடித்துப் பாருங்கள். திரையில் தெரியாத பிழை கையில் தெரிந்துவிடும்.

அதே அன்பர்: படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. போதுமா?

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நீளப் பக்கம் 1600 பிக்சல் இருந்தால் 300 ரெசல்யூஷனில் 13.5 செ.மீ. வரைதான் தாங்கும். சிறு படத்துக்குச் சரி, இரட்டைப் பக்கத்துக்குப் போதவே போதாது. படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். இமேஜ் சைஸில் எண்ணை ஏற்றினால் பிக்சல் கூடும், விவரம் கூடாது.

பள்ளி மலர் ஆசிரியை: திரையில் பளீரென்று இருந்த நீலம் அச்சில் ஊதாவாக வந்தது. கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பு நிழல். அச்சகத்தின் தவறா?

பெரும்பாலும் இல்லை டீச்சர். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (அடர் இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால். பளீர் நீலத்தையும் பட்டுப் பச்சையையும் நான்கு மையால் எட்ட முடியாது. நீலத்தில் மெஜந்தாவைக் குறைத்தால் ஊதா விலகும். வேலையைத் திரையின் நிற முறையான ஆர்ஜிபியில் செய்யுங்கள். ஆனால் வியூ மெனுவில் 'ப்ரூஃப் கலர்ஸ்' போட்டு, அச்சில் எப்படி வரும் என்று அவ்வப்போது பாருங்கள். அச்சகம் தரும் ப்ரொஃபைலுக்கு (நிற அமைப்புக்கு) கடைசியில் மாற்றினால் போதும்.

எழுத்து நிழலுக்குக் காரணம், ஆர்ஜிபி கறுப்பு மாற்றத்தின்போது நான்கு மைகளாகப் பிரிவதுதான். நான்கு அச்சுத் தட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தில் நிழல் விழும். நான்கு மை முறையான சி.எம்.ஒய்.கே.-க்கு மாற்றியபின் எழுத்தின் நிறத்தை கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று வைத்து, அந்த லேயரை 'மல்டிப்ளை' ஆக்குங்கள், கீழுள்ள நிறத்தின் மேலேயே கறுப்பு விழும். இதே காரணத்தால்தான் கருமையான படத்தின் மேல் மெல்லிய வெள்ளை எழுத்து வேண்டாம் என்கிறேன். அங்கே தடித்த எழுத்தே நிற்கும்.

கல்யாண ஃபோட்டோகிராஃபர்: முகங்கள் அச்சில் இருண்டுவிடுகின்றன. எல்லார் முகத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கிவிடவா?

வேண்டாம். மை தாளில் பரவுவதால் படமே சற்று இருளும், பளபளப்பில்லாத தாளில் இன்னும் கூடும். ஒளியை ஏற்றி இறக்கும் கர்வ்ஸில் நடுத்தொனியை (மிக ஒளியும் மிக இருளும் அல்லாத பகுதியை) மட்டும் லேசாக உயர்த்துங்கள். தோலின் நிறத்தில் கை வைக்காதீர்கள். மஞ்சள் மெஜந்தாவைவிடச் சற்றுக் கூடுதலாகவும், சயான் அவற்றில் பாதிக்கும் கீழாகவும் இருந்தால் நம்மவர் தோல் இயல்பாக வரும். கறுத்த முகம் கறுத்த முகமாகவே, ஒளியோடு அச்சேற வேண்டும். அதைச் சாதிப்பதுதான் நம் திறமை.

கல்லூரி மாணவி மறுபடி: எத்தனை எழுத்துரு பயன்படுத்தலாம்?

இரண்டு. தலைப்புக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று.

மாணவி: அச்சகத்துக்கு எதைக் கொடுப்பது?

ஜேபெக் வேண்டாம், அதில் எழுத்தும் படமாகிவிடும். லேயர்களை ஒட்டாமல் 'ஃபோட்டோஷாப் பிடிஎஃப்' ஆகச் சேமித்தால் எழுத்து கூர்மையாக நிற்கும். நடுப்பக்கத்தை விரிந்த ஒரே பக்கமாகக் கேட்கிறார்களா, இரண்டாகப் பிரித்தா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லேயரோடு கூடிய அசல் ஃபைலை உங்களிடம் தனியாக வையுங்கள். அச்சேறும் முன் ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேட்டு வாங்கி, பெயர்களை மட்டும் இரண்டு பேர் உரக்கப் படித்துச் சரிபாருங்கள்.