ஒரு எழுத்துகூட மாறாத 9-வது பிரிவு

கேள்வி: குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஜப்பான் அரசியலமைப்பு ராணுவம் வைத்துக்கொள்ளத் தடை விதிக்கிறது என்று படித்திருக்கிறேன். ஆனால் அமெரிக்காவிடம் டோமஹாக் ஏவுகணை வாங்குவதாகச் செய்தி வருகிறது. அரசியலமைப்பைத் திருத்திவிட்டார்களா? விடையில் எப்படி எழுதுவது?

பதில்: திருத்தவில்லை. 1947 மே 3-ல் நடைமுறைக்கு வந்த அந்த அரசியலமைப்பில் இன்றுவரை ஒரு எழுத்துகூட மாறவில்லை. திருத்த வேண்டுமென்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அப்புறம் மக்கள் வாக்கெடுப்பிலும் ஜெயிக்க வேண்டும். அதனால் மாறியதெல்லாம் 9-வது பிரிவுக்கு அரசு சொல்லும் பொருள்தான்.

தரை, கடல், வான் படைகளை வைத்திருக்க மாட்டோம் என்கிறது அந்தப் பிரிவு. 1950-ல் கொரியப் போர் வெடித்ததும் 75,000 பேரோடு ஒரு போலீஸ் ரிசர்வ் படை உருவானது. 1954-ல் அதன் வழியில் வந்ததுதான் தற்காப்புப் படை. தொடக்கத்தில் டாங்கியைக்கூட 'சிறப்பு வாகனம்' என்றே சொன்னார்கள். இன்றும் இசுமோ கப்பலை எஃப்-35பி போர் விமானம் இறங்கும்படி மாற்றுகிறார்கள். அதன் அதிகாரப்பூர்வ வகையோ விமானந்தாங்கி அல்ல, 'காவல் கப்பல்'. பெயர் விஷயத்தில் இவ்வளவு கவனம் எதற்கு? 9-வது பிரிவை அவர்கள் உண்மையிலேயே மதிப்பதால்தான் என்பது என் கருத்து.

பெரிய அடி 1991-ல் விழுந்தது. வளைகுடாப் போருக்கு ஜப்பான் 1,300 கோடி டாலர் கொடுத்தது, ஆள் அனுப்பவில்லை. போர் முடிந்து குவைத் வெளியிட்ட நன்றி விளம்பரத்தில் ஜப்பான் பெயரே இல்லை. அந்த அவமானம் டோக்கியோவில் வெகுகாலம் பேசப்பட்டது. 1992-லேயே ஐ.நா. அமைதிப் பணிக்கான சட்டம் வந்தது, கம்போடியாவுக்குப் படையினர் போனார்கள்.

அடுத்தது 2014 ஜூலை 1. நட்பு நாட்டுக்காகவும் ஆயுதம் எடுக்கும் 'கூட்டுத் தற்காப்பு' உரிமை ஜப்பானுக்கு உண்டு, ஆனால் பயன்படுத்த முடியாது என்பதே அதுவரை அரசின் விளக்கம். அப்போதைய பிரதமர் ஷின்சோ அபேயின் அமைச்சரவை ஒரே தீர்மானத்தில் அதை மாற்றியது. நெருங்கிய நாட்டின் மீதான தாக்குதல் ஜப்பானின் இருப்பையே அச்சுறுத்த வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, பலத்தைக் குறைந்த அளவே பயன்படுத்த வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள். 2015-ல் எதிர்ப்புப் போராட்டங்களுக்கு நடுவே அதைச் சட்டமாக்கினார்கள். இந்த நிபந்தனைகளை எழுதாமல் 'ஜப்பான் அமைதிக் கொள்கையைக் கைவிட்டது' என்று ஒரே வரியில் முடித்தால் விடை தவறாகிவிடும்.

சரி, டோமஹாக்? 2022 டிசம்பரில் அமைச்சரவை ஏற்ற பாதுகாப்பு ஆவணங்கள் எதிர்த்தாக்குதல் திறனை, அதாவது எதிரியின் ஏவுதளங்களைத் தாக்கும் திறனை, அனுமதித்தன, 2027-க்குள் பாதுகாப்புச் செலவை ஜிடிபியில் 2 சதவீதமாக்கவும் இலக்கு வைத்தன. 2024 ஜனவரியில் 400 ஏவுகணைகளுக்கு ஒப்பந்தம் ஆனது. இதற்குப் புதிய சட்ட விளக்கம்கூடத் தேவைப்படவில்லை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஏவுகணை வந்து விழும்போது கைகட்டி அழிவதற்குக் காத்திருக்கச் சொல்லவில்லை அரசியலமைப்பு, வேறு வழியில்லாதபோது எதிரியின் ஏவுதளத்தைத் தாக்குவதும் தற்காப்பே என்று அப்போதைய பிரதமர் இச்சிரோ ஹடோயாமாவின் அரசு 1956-லேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. அப்போது கையில் ஏவுகணை இல்லை, அவ்வளவுதான்.