சரிவான பின்வளவில் கதிரை போட ஒரு சமதளம்

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்வளவு சமையலறை வாசலில் இருந்து மதில் வரை சரிந்து போகிறது, 24 அடிக்கு இரண்டரை அடி இறக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பின்னேரத்தில் வெளியே இருக்க ஆசைப்படுகிறார், ஆனால் கதிரை போட்டால் ஆடுகிறது. மேசன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மதில் வரை இரண்டு லொறி மண் கொட்டி நிரப்பி மேலே கொங்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார். செய்யலாமா?
— வாசகி ஒருவர், கல்கிசை

பதில்: வேண்டாம். மதிலோடு சாய்த்து மண் நிரப்பவே வேண்டாம். எல்லை மதில் என்பது ஆள், நாய் வராமல் மறைக்கக் கட்டியது, மண்ணைத் தாங்கக் கட்டியதில்லை. நனைந்த மண் ஒரு கன அடி, ஒரு மூட்டை சிமெந்தின் கனம் வரும். இரண்டரை அடி உயரத்துக்கு அது மதிலின் நீளம் முழுக்க நின்று தள்ளினால் என்ன ஆகும்? தெஹிவளையில் இருந்தபோது நாங்கள் இதே வேலையைத்தான் செய்தோம். முதல் நவம்பர் மழையில் மதிலின் மறுபக்கப் பூச்சில் செம்மண் தண்ணீர் வியர்வை மாதிரிக் கசிந்தது, இரண்டாவது கிழமை விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, அப்புறம் ஒரு இரவு பக்கத்து வீட்டு மல்லிகைப் பந்தலின் மேல் மதில் அப்படியே சரிந்தது. அந்த நேரம் அங்கே யாரும் நிற்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

உங்களுக்கு லொறி மண்ணே தேவையில்லை. கணக்கைப் பாருங்கள். கதிரை நான்கு, ஒரு சின்ன மேசை போடச் சரிவின் போக்கில் 12 அடி அகலம் தாராளம். வீட்டுச் சுவரில் இருந்து மூன்றடி தள்ளித் தொடங்குங்கள், அத்திவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. 24 அடிக்கு 30 அங்குலம் என்றால் 12 அடிக்கு 15 அங்குல இறக்கம். தண்ணீர் வடிய, தளத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் (சாய்வு) கட்டாயம் விட வேண்டும், அதில் 3 அங்குலம் போய்விடும் (கதிரையில் இருப்பவருக்கு அது தெரியாது). மிச்சம் 12. வீட்டுப் பக்கம் தளம் இப்போதைய நிலத்தை விட 6 அங்குலம் தாழ்ந்தும், மதில் பக்கம் 6 அங்குலம் உயர்ந்தும் வந்தால் சரி.

இனி, இன்டர்லொக் கல் பதிக்க 4 அங்குலம் ஏபிசி (பல அளவுக் கருங்கல் துண்டும் தூளும் கலந்த அடித்தளக் கலவை), 1 அங்குலம் கல்தூள், கல்லின் தடிப்பு இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7 அங்குலம் வேண்டும். அதனால் மதில் பக்கம் உயர வேண்டிய 6 அங்குலத்தை இந்த அடுக்குகளே நிரப்பிவிடும், போட்ட மண் என்று எதுவும் கீழே இருக்காது. போட்ட மண்ணைச் சரியாக இறுக்காவிட்டால் ஒரு மழைக்காலம் கண்ட பிறகு இறங்கத்தான் செய்யும், கொங்கிரீட் வெடிப்பதும் பெரும்பாலும் அதனால்தான். வீட்டுப் பக்கம் வெட்டுகிற இடத்தில் அந்த 7 அங்குலத்தையும் சேர்த்து ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணை முழுவதும் சுரண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தையும் ஏபிசி போட்டே இறுக்க வேண்டும். 15 அடி நீளத் தளம் என்றால் 4 அங்குல அடுக்குக்கு ஒரு கியூப் (100 கன அடி) போதும், கொஞ்சம் மிஞ்சும். கொம்பெக்டர் (இறுக்கும் இயந்திரம்) வாடகைக்கு எடுங்கள், காலால் மிதித்து இறுக்கினால் போதாது.

கீழ்ப்பக்கத்து விளிம்புக்கு ஒரு அடி ஆழத்தில் இருந்து கருங்கல் கட்டு. அதன் பின்னால் தூள் இல்லாத முக்கால் அங்குல மெட்டல் (உடைத்த கருங்கல்), தண்ணீர் வெளியேற ஐந்தடிக்கு ஒன்றாக இரண்டு அங்குல பிவிசி பைப் துண்டு. கட்டின் தலை தளத்தை விட உயரக் கூடாது, உயர்ந்தால் தண்ணீர் தேங்கும், கொழும்பில் தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு நுளம்புதான். வெட்டி எடுத்த மண்ணை மீதி ஒன்பதடியில் மெல்லப் பரப்பிப் பூஞ்செடி வையுங்கள், மதிலடியில் குவிக்காதீர்கள். கூரைப் பீலித் தண்ணீர் தளத்தில் விழாமல் தனிக் குழாயில் கொண்டுபோக வேண்டும்.

அம்மாவுக்காக, வாசலில் இருந்து தளத்துக்கு இறங்கும் ஒவ்வொரு படியும் 6 அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம், கால் முழுதாக வைக்க ஒரு அடி அகலம், பிடித்து இறங்க ஒரு கம்பி. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலையை ஜனவரி, பெப்ரவரியில் வையுங்கள். மே மழைக்கு முன் முடிந்திருக்க வேண்டும். மேசனுக்குக் கடைசிக் கூலி கொடுக்குமுன் ஹோஸைத் திறந்து தளம் முழுக்கப் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே சோக்கட்டியால் வட்டம் போட்டு, அந்தக் கற்களை அன்றைக்கே கிளப்பித் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள்.